ஒரிஜினல் அல்லாத பாகங்கள்

ஜோகுபாளையம்,
ஞாயிறு

சௌபாக்கியவதி பாகீரதிக்கு அநேக ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் அனன்யாவும் பேரன் அபினவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்வார். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேரனைத்தான் காட்டுகிறாய். அவன் ஒரு கொட்டாவி விட்டதும் "ஏன்னா, இவனைத் தூங்கப் பண்ணணும்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் ஹூஸ்டன் கிளம்பும் பிரபா மாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அப்பா ஏலத்தில் எடுத்த புல் வெட்டும் மிஷினைப் பழைய தோட்டக் கருவிகள் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டேன். எல்லாப் பாகமும் ஒரிஜினலாக இருந்தால்தான் சேர்ப்பார்களாம். எனக்கென்ன பயம்? நாற்பது வருஷமாக ஒரு ரிப்பேர் பார்க்காத மிஷின் என்று ஊர் பூராவும் பீற்றிக்கொண்டவனாயிற்றே. சோதிக்க வந்த கோவிந்தப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, காந்தத்தை ஒட்டிப் பார்த்து, நகத்தால் பெயிண்டைச் சுரண்டி, கடைசியில் கைப்பிடியை முகர்ந்தே பார்த்துவிட்டார். "இது ஒரிஜினல் அல்லா சார். பூரிக் கட்டை. நோடி, நீங்களே பாருங்க, எண்ணெய் வாசனை இன்னும் போகல" என்றார் தன் கன்னடத் தமிழில்.

எந்தப் பூரிக் கட்டை? தொண்ணூற்று நாலில் காணாமல் போனதே, பக்கத்து வீட்டு யசோதாதான் வாங்கிக்கொண்டு போனாள் என்று இரண்டு வருஷம் அவர்களோடு நான் பேசாமல் இருந்தேனே, அதே பூரிக் கட்டை! அப்போது நீ வாயைத் திறந்தாயா? புல் விழும் பெட்டிக்கு அடித்தட்டு, நம் தீபாவளி பட்சண டின் மூடி. பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட், "தானா நின்னுடுத்து" என்று நீ சொன்ன தையல் மிஷினுடையது. நான் கேம்ப் போன நாளெல்லாம் நீ இந்த வேலைதான் பார்த்திருக்கிறாய். "ஒரிஜினலா இருக்கறது பூரா துரு சார். ஓட வைக்கறது மாத்திப் போட்ட பார்ட்டுங்கதான். யார் சார் அந்த மெக்கானிக்?" என்று கோவிந்தப்பா கேட்டார். ஊரில் இல்லை என்றேன்.

ஒன்றும் மோசமில்லை. மூன்றையும் கழற்றிவிட்டேன். மிஷின் இப்போது சுத்த ஒரிஜினல், சனிக்கிழமை கண்காட்சி. ஆகவே நீ அவசரப்பட வேண்டாம். அனன்யா கேட்கிறபடி இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டு வா. எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிடுகிறேன், இரண்டையும் நானே குடிக்கிறேன். ராத்திரி தூக்கம் வராததற்கு அந்தக் காபிதான் காரணம், வேறொன்றும் இல்லை.

குழந்தைக்கு ஆயிரம் முத்தம். அனன்யாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
சீனிவாசராகவன்

பி.கு.: சுத்த ஒரிஜினல் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கண்காட்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். யசோதாவிடம் மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. புல் முழங்கால் வரை வந்தாயிற்று. ஆறு மாதமெல்லாம் என்னால் முடியாது பாகீரதி. அந்தப் போல்ட்டை எந்தப் பக்கமிருந்து நுழைப்பது? போனில் சொல்லாதே, நேரில் வந்து காட்டு.