கொரியாவுக்கு ஆறு மணி

சச்சிதானந்தன் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனைவி மாலினி வந்து மாற்றும்வரை மனிதர் அசைய மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த முடிவு இது: "நான் தலைவரா இருக்கும் மட்டும் எங்கட மேடையில கொரியாக்காரன்ர பாட்டுக்கு ஒரு கால் ஆடாது!"

சொன்ன இடம் லண்டன் கிங்ஸ்பரியில் அவருடைய சொந்த வீட்டு முன்னறை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழுவினர் ஏழு பேர். சச்சிதானந்தன் அதற்குப் பதினோரு வருஷத் தலைவர். சங்கம் ஊரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு கலவன் பாடசாலைக்கு உரியது. மாலினியும் அங்கேதான் படித்தாள், வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை. தலைவர் எத்தனையாம் பிள்ளை என்று கேட்பது மரியாதை இல்லை. ஆனாலும் சங்கத்தில் மாலினிக்கு இருந்த பதவி ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் கலைமாலைக்கு நானூறு மட்டன் ரோல் செய்வது.

அந்த மாலினி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள்.

"ஏனப்பா ஆடக்கூடாது? எங்கட மகள் லக்‌ஷிகாவும் சிநேகிதப் பிள்ளையளும் ஆறு மாசமாப் பழகியிருக்கினம். பத்து நிமிஷம் தாங்கோவன்."

"ஆர் பாக்கிறது?"

"சனம்."

"எந்தச் சனம்?"

"வெள்ளையளும் வருவினம்."

சச்சிதானந்தன் சிரித்தார். தலைவர் சிரித்தால் செயற்குழுவும் சிரிக்கும், அது எழுதாத சட்டம்.

"மாலினி, வெள்ளைக்காரனைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதையும். ஜெர்மனியில பன்னிரண்டு வருஷம், இஞ்ச பதினெட்டு வருஷம், எத்தினை வெள்ளைக்காரன்ர பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினவன் நான்! பாத்ரூமைப் பார்த்தால் ஆளின்ர மனசைப் பார்த்த மாதிரி. தனக்கு விளங்காத பாஷைக்கு அவன் கை தட்டமாட்டான்."

"அப்ப போன கோடையில கொரியாப் பாட்டுக்காரருக்கு வெம்பிளி ஸ்டேடியம் முட்டி வழிஞ்சது?"

"அது நியூ மோல்டன் சனம். கொரியாக்காரர் எல்லாம் அங்கைதானே இருக்கினம். ட்ரெயின் பிடிச்சு வந்திருப்பினம்."

"எழுபதாயிரம் பேரோ?"

"பிள்ளை குட்டியளோட."

சச்சிதானந்தனின் கணக்கு சுலபமானது. சென்னையிலிருந்து பாடகர் வந்தால் யார் போகிறார்கள்? தமிழர். அப்படியென்றால் கொரியாவிலிருந்து வந்தால்? கொரியர். ஜூபிலி லைனில் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி அத்தனை கூட்டம் இறங்கியபோதும், "ஃபுட்போலுக்குப் போகினம்" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடியவர் அவர்.

"பக்கத்து வீட்டுப் போலீனுக்கு நீங்கள்தானே டைல்ஸ் ஒட்டினது?" என்று மாலினி விடவில்லை. "அந்த மனிசியின்ர பாத்ரூமில வெள்ளி மயிர்ப் பெடியன் ஒருத்தன்ர படம் தொங்குதே, அவன் ஆரெண்டு நினைச்சனீங்கள்?"

"ஷாம்பு விளம்பரம்."

போலீன் ஓய்வுபெற்ற பஸ் ட்ரைவர். வயது அறுபத்தெட்டு. மனிசியின் பாத்ரூமில் ஷாம்பு விளம்பரம் எதற்கு என்று சச்சிதானந்தன் யோசிக்கவேயில்லை. யோசிப்பதற்குப் பதிலாக எழும்பி நின்று சபதம் போட்டார்.

"சரி! இருபது, வெறும் இருபது வெள்ளையள் வந்து கடைசி மட்டும் ஹோலில இருக்கட்டும். இந்தத் தலைவர் கதிரையை உமக்கே தூக்கித் தாறன்!"

மாலினி தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். "சவிரிமுத்து அண்ணை, குறிப்பில ஏத்துங்கோ."

செயலாளர் சவிரிமுத்து தலைவரைப் பார்த்தார். சங்கத்தின் குறிப்புப் புத்தகம் சாதாரணப் பொருள் அல்ல. "குறிப்பில ஏறினதைக் கடவுள் வந்தாலும் இறக்க ஏலாது" என்பது சச்சிதானந்தன் தானே வகுத்த வேதம். அதைச் சொல்லித்தான் தன் கதிரைக்குக் கண் வைத்த எத்தனையோ பேரை வாயடைக்கச் செய்திருக்கிறார். இப்போது பின்வாங்கினால் மானம் போகும்.

"எழுதும் சவிரி! அதோட இதையும் எழுதும். தோத்தால் உவ என்ன செய்வா?"

"சாகும் மட்டும் ரோல் நான்தான்," என்றாள் மாலினி. "வாயே திறக்கமாட்டன்."

எழுதப்பட்டது. ஏழு பேர் ஒப்பமிட்டார்கள். சச்சிதானந்தன் பெரிய கையெழுத்தாகப் போட்டார்.

எல்லோரும் போனதும் மனிதர் தனியே இருந்து சிரித்தார். ஏனென்றால் அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. நிகழ்ச்சி நிரலை எடுத்து, முதலாவது நிகழ்ச்சியாகத் தன் கையாலேயே எழுதினார்: கொரிய நடனம், மாலை 6.00.

டிக்கெட்டில் ஆறு மணி என்று போட்டிருந்தால் ஏழரை என்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தரைக்குக் குளிக்கப் போவார்கள். ஆறரைக்குச் சேலைக்குப் பொருத்தமான சட்டையைத் தேடுவார்கள். ஏழுக்குக் கார் திறப்பைத் தேடுவார்கள். போன வருஷம் ஆறு மணிக்கு ஹோலில் இருந்தவர்கள் தலைவர், மிருதங்கக்காரர், மிருதங்கம்.

உடனே சவிரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"ஆறு மணிக்கு ஆர் வருவினம் சொல்லும் பாப்பம்!"

"ஒரு காகமும் வராது. சச்சி அண்ணை, உங்கட மூளையை மியூசியத்தில வைக்கோணும்."

"இப்பவே வைக்கலாமோ?"

"நீங்கள் போனாப் பிறகு அண்ணை."

அச்சடித்து வந்த நிரலை மாலினி வாசித்தாள். "ஆறு மணியோ? சரியா ஆறோ?"

"சரியா ஆறு. பிள்ளையள் ஒரு நிமிஷம் பிந்தினாலும் நிகழ்ச்சி ரத்து. குறிப்பில போடட்டோ?"

"போடுங்கோ," என்றாள் மாலினி. குரலில் அப்படி ஒரு தேன். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர் அந்தத் தேனைக் கண்டதும் ஓடியிருக்க வேண்டும். அவர் இன்னும் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

கலைமாலை நாள். பட்டு வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு ஐந்தரைக்கே சச்சிதானந்தன் வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூட ஹோலுக்குப் போனார். வாசலில் ஒரு வரிசை. வரிசை வாசலைத் தாண்டி, கார் பார்க்கைத் தாண்டி, ரோட்டு மூலை வரை போயிருந்தது. பெரும்பாலும் வெள்ளைத் தோல். இடையிடையே சோமாலியர், குஜராத்தியர், பிரேசில்காரர். ஒவ்வொரு கையிலும் ஊதா வெளிச்சம் மின்னும் ஒரு தடி.

கேர்டேக்கர் டெரிக்கைப் பிடித்தார். இரவு பத்து அடித்தால் பட்டென்று லைட்டை அணைத்துக் கதவைப் பூட்டிவிடும் மனிதன் அவன். போன வருஷம் நன்றியுரையின் நடுவில் அப்படித்தான் அணைத்தான்.

"இது என்ன வரிசை? எலெக்‌ஷனோ?"

"உங்கட ப்ரோக்ராம்தான் சேர். அஞ்சு மணியிலிருந்து நிக்கினம்."

அப்போதுதான் சச்சிதானந்தனுக்கு உறைத்தது. வெள்ளைக்காரனுக்கு ஆறு மணி என்று சொன்னால், அந்தப் பாவிகள் ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள்! முப்பது வருஷம் அவர்களுடைய பாத்ரூம்களைப் பார்த்தவர், அவர்களுடைய மணிக்கூட்டை ஒரு நாளும் பார்க்கவில்லை.

வரிசையில் முதலாவதாகப் போலீன் நின்றாள். தலையில் வெள்ளி நிற விக். "சேச்சி டார்லிங்!" என்று கையை ஆட்டினாள்.

மேடைக்குப் பின்னால் மாலினி லக்‌ஷிகாவின் தலைக்குக் கிளிப் குத்திக்கொண்டிருந்தாள். மகளோடு இன்னும் ஐந்து பிள்ளைகள்.

"வாசல்ல நிக்கிற உவையள் எல்லாம் ஆர்? எங்கயிருந்து பிடிச்சனீர்?"

"நான் வேலை செய்யிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையள், அதுகளின்ர தாய் தகப்பன், போலீன்ர ஃபான் கிளப். நான் பிடிக்கேல்லை. பாட்டின்ர பேரைச் சொன்னன், தானா வந்தவை."

ஆனால் சச்சிதானந்தன் லேசுப்பட்ட ஆளா? கடைசி மட்டும் இருக்கவேண்டும் என்பதுதானே சபதம்! அவரிடம் இன்னும் ஓர் ஆயுதம் மிச்சம் இருந்தது. தலைவர் உரை. அந்த உரைக்குப் பயந்து அவருடைய சொந்த மைத்துனரே ஒருமுறை சமையலறை யன்னலால் இறங்கி ஓடியிருக்கிறார். தமிழ் விளங்கிய மனிதனுக்கே அந்தக் கதி என்றால் விளங்காதவன் என்ன பாடு படுவான்!

"முதல்ல தலைவர் உரை!" என்று அறிவித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

முந்நூறு கதிரை. முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சச்சிதானந்தன் இருமினார். வலது கையை உயர்த்தினார்.

"பெருமதிப்புக்குரிய சபையோர்களே..."

"சச்-சி! சச்-சி! சச்-சி!"

கூரை அதிர்ந்தது. ஊதாத் தடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போய்க் கீழே வந்தன. சச்சிதானந்தன் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி கையைத் தூக்கினார்.

"எமது சங்கம் ஆரம்பிக்கப்பட்ட நாள் முதலாய்..."

"சச்-சி! சச்-சி!"

பதினோரு வருஷம். பதினோரு வருஷத்தில் அந்த உரையின் நடுவே ஒருவர் தும்மியதுதான் அதிகபட்ச வரவேற்பு. இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெட்டை கண்ணைத் துடைக்கிறாள்! கட்டட நிதிக் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கத்தினார்கள். சச்சிதானந்தன் கோட்டைக் கழற்றினார். அதற்கும் கத்தினார்கள். பத்து நிமிஷ உரை இருபத்தைந்து நிமிஷமாக வளர்ந்தது. தான் எதற்காக மேடை ஏறினோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிற்று. சந்தோஷம் அப்படி.

பிறகு லக்‌ஷிகா ஆடினாள். ஆறு பிள்ளைகளும் ஒரே உடம்பு போல ஆடினார்கள். ஒரு சொல் விளங்காத பாட்டுக்கு ஹோல் முழுக்கக் கூடப் பாடியது. தன் பிள்ளை இவ்வளவு வடிவாக ஆடுவாள் என்பது சச்சிதானந்தனுக்கு அன்றுதான் தெரியும். திரைக்குப் பின்னால் நின்று அழுதார். மனதார அழுதார்.

ஆட்டம் முடிந்ததும் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். சச்சிதானந்தன் பதறிப்போனார். இந்த ரசிகர்களை விடுவதா? பாய்ந்து போய் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

"ப்ளீஸ், போகாதேங்கோ! ஒன்பதரைக்கு நன்றியுரை இருக்கு. அதுவும் நான்தான்! ரோல் ஃப்ரீ!"

"சச்-சி! சச்-சி!" எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

ஏழரைக்குத் தமிழர் வந்தார்கள். மிச்சக் கதிரைகளும் நிமிஷத்தில் நிரம்பிவிட, பிந்தியவர்களுக்கு இருக்க இடம் இல்லை. பிரதம விருந்தினர், பெரிய பல் வைத்தியர், சுவரோடு சாய்ந்து நின்று ரோல் சாப்பிட்டார். "சச்சி, இப்பிடி ஒரு கூட்டத்தை லண்டனில நான் கண்டதில்லை," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சச்சிதானந்தன் அடக்கமாகச் சிரித்தார். "ஏதோ, எங்களால ஏலுமானது."

அவருடைய வாழ்க்கையிலேயே வெற்றிகரமான நாள் அது. சந்தேகமே இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அதே முன்னறையில் செயற்குழுக் கூட்டம். சச்சிதானந்தன் மாலை போடுவார்கள் என்று கழுத்தை நீட்டியபடி வந்தார். சவிரிமுத்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமி, சபதத்தைச் சொல் விடாமல் வாசித்தார்.

"கடைசி மட்டும் இருந்த வெள்ளையள் நூற்றி அறுபத்து மூண்டு. டெரிக் எண்ணினவர்."

சச்சிதானந்தன் நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சவிரி, அது... அவையள் கொரியாவுக்கு இருக்கேல்லை! என்ர உரைக்கெல்லோ இருந்தவை!"

மாலினி ஒரு ஊதாத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் போலீன் கொடுத்த தாள். கொரியப் பாட்டுக்காரரின் ரசிகர்கள் எந்த இடத்தில் என்ன கத்துவது என்று இப்படித் தாள் வைத்துப் பழகுவது வழக்கமாம். அதில் ஆங்கிலத்தில் இருந்தது: "வேட்டி கட்டிய மனிதர் வலது கையைத் தூக்கினால்: சச்-சி, மூன்று தரம். கோட்டைக் கழற்றினால்: விருப்பம் போல."

"ஒரு மணித்தியாலம் வாசலில நிண்டு பழகினவை," என்றாள் மாலினி. "நீங்கள் உரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவீங்களெண்டு எனக்குத் தெரியாதோ?"

பிறகு தலைவர் கதிரையில் போய் இருந்தாள். செயற்குழு எழும்பி நின்று கை தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் சவிரிமுத்து, துரோகி.

"அடுத்த வருஷ ரோலுக்கு ஆள் முன்னாள் தலைவர்," என்று புதிய தலைவர் அறிவித்தாள். "நானூறு."

ரோல் போகட்டும். கதிரையும் போகட்டும். ஆனால் அந்தச் சத்தம்! அந்த ஊதா வெளிச்சம்! சச்சிதானந்தன் கொஞ்சம் குழைந்து கேட்டார்.

"மாலினி... தலைவர் அம்மா... எனக்கு ஒரு சின்ன உரை? பத்து நிமிஷம் தாங்கோவன்."

"தாறன், ஏன் தராமல்?" அதே தேன் குரல். பேனையை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் அவளே எழுதிக் காட்டினாள்: முன்னாள் தலைவர் உரை, இரவு 10.05.

"பத்துக்கு டெரிக் லைட்டை அணைச்சுக் கதவைப் பூட்டிப்போடுவானே!"

"ஓமப்பா, ஆனால் குறிப்பில ஏறீட்டுதே."