தாத்தா விழுங்கிய எட்டாவது மீன்

பிள்ளைகளே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முட்டையைக் கண்ணால் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு சுத்த சைவக்காரரை உயிருள்ள ஒரு மீனைச் சாப்பிட வைத்தவன் நான். அவர் வேறு யாருமில்லை, உங்கள் தாத்தாதான். அம்மாவைப் பெற்றவர்.

அது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். மலாக்கா முழுக்கக் கொடி. நான் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸிலும் கொடி. (ஓட்டியது டிரைவர். நான் கண்டக்டர். ஆனால் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.) வயது இருபத்து நான்கு. ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளி, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இரவு வகுப்பு. அவ்வளவுதான் படிப்பு. ஆனால் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது நம்பினேன்.

காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு ஹாலில் ஜன்னலோரமாக என் கண்ணாடித் தொட்டி இருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடை ஆ செங் சட்டம் அடித்துக் கொடுத்தான். என் வயசுக்காரன், மீன் பைத்தியம். அடியில் சலித்த தோட்டத்து மண், அதன்மேல் ஆற்று மணல், மணலில் வாய்க்காலில் பிடுங்கிய வேலம்பாசியும் நாடா மாதிரி நீண்ட புல்லும். அந்தப் பச்சைக்குள்ளே லோங்காங்கில், அதாவது தெருவோரச் சாக்கடையில், வலை போட்டுப் பிடித்த எட்டு மீன்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. மோட்டார் இல்லை, குழாய் இல்லை, காற்றடிக்கும் கருவி இல்லை. மீன் விடுகிற மூச்சைச் செடி சாப்பிடும். செடி விடுகிற மூச்சை மீன் சாப்பிடும். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்ததும் இலைக்கு இலை முத்து முத்தாகக் குமிழி கட்டி, ஒவ்வொன்றாக மேலே ஏறும் பாருங்கள்! வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

ஆ செங் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னான். "ஜாங்கான் காச்சாவ்." கையை வைத்து நோண்டாதே என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் என்ன செலவு?)

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் தேடினார்கள். வந்த வரன் யார் தெரியுமா? என் பஸ்ஸில் வருகிற பெண். ஒருநாள் இறங்கும்போது திரும்பி, "டிக்கெட்ல ஓட்டை போடலியே, இன்னொரு தடவை இதை வச்சே வரலாமா?" என்று கேட்டவள். அன்றிலிருந்து அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். (அவளிடம் கேட்கவில்லை. அது வேறு.)

பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர். கோயில் கமிட்டியில் இருப்பவர். மீன் சந்தைப் பக்கம் காற்றடித்தால் எதிர்ப்பக்கம் நடப்பவர். என் அம்மா சும்மா இராமல், "எம்மவன் தண்ணிக்குள்ள தோட்டம் போட்டிருக்கான்" என்று சொல்லியனுப்ப, அவரும், "உயிருள்ளதை வச்சுக் காப்பாத்துற பையனா? அப்ப அதையே வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை. வெயில் இல்லையென்றால் குமிழி இல்லை. மூன்று மணியாகியும் ஒரு முத்துகூட ஏறவில்லை. என் கல்யாணமே அந்தக் குமிழியில்தான் தொங்குகிறது என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் இரவு வகுப்பு வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. செடிக்குச் சாப்பாடு கரியமிலவாயு. சோடாவில் பொங்குவதும் அதே வாயு. அட! ஓடினேன் கடைக்கு. ஆறு போத்தல் வெள்ளைச் சோடா. கோலியை அழுத்தி அழுத்தி ஆறையும் தொட்டியில் ஊற்றினேன்.

குமிழி வந்தது. எப்படி வந்தது! இலையில், மணலில், கண்ணாடியில், மீன் முதுகில்கூடக் குமிழி. நான் கைதட்டிக் குதித்தேன். ஐந்து நிமிஷத்தில் எட்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது.

தேத்தண்ணி வடிகட்டியை எடுத்து மீன்களை அள்ளத் தொடங்கினேன். அள்ளிய வேகத்தில் அடிமண் கிளம்பித் தொட்டி முழுக்கக் பால் விடாத கோப்பி ஓ நிறம் ஆகிவிட்டது. சேற்று நாற்றம் வேறு. மீனை விடப் பாத்திரம்? வாளி கிணற்றடியில். கைக்கு எட்டியது மேசையில் தண்ணீர் நிறைந்திருந்த பித்தளைச் செம்பு. எட்டையும் அதில் விட்டேன். நல்ல தண்ணீர் பட்டதும் துள்ளி நீந்தின. அப்பாடா!

வாசலில் திரிஷாவின், அந்த மூன்று சக்கர ரிக்‌ஷாவின், மணி கேட்டது.

"டேய், பனியனோட நிக்கிறியே! சட்டையைப் போடுடா!" அம்மா என்னை உள்ளே தள்ளினார்.

நான் பொத்தான் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறேன். பெண்ணின் அப்பா நாற்காலியில். பக்கத்தில் அவர் தங்கை. அம்மா, வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிற நம் வழக்கப்படி, மேசையிலிருந்த செம்பை எடுத்து நீட்டிவிட்டார். பெரியவர் எச்சில் படாமல் குடிக்கிறவர். செம்பைத் தூக்கி, அண்ணாந்து, வாயைத் திறந்து...

"ஐயா!" என்றேன். அதற்குள் செம்பு சாய்ந்துவிட்டது.

மடக், மடக். மூன்றாவது மடக்கில் நின்றது. கண் இரண்டும் விரிந்தன. தொண்டைக் குமிழ் மேலே போய், தயங்கி, கீழே இறங்கியது.

"என்னண்ணே, பொரையேறிருச்சா?" என்றார் தங்கை.

"இல்ல. தண்ணி... கொஞ்சம் அசைஞ்சுச்சு."

"எங்க கெணத்துத் தண்ணிங்க," என்றார் அம்மா பெருமையாக. "இன்னும் கொஞ்சம் குடிங்க."

"வேணாம்!"

பெரியவர் மெதுவாகச் செம்புக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுந்தார். "தம்பி, அந்தத் தோட்டத்தைக் காட்டுங்க."

தொட்டிக்கு முன்னால் இருவரும் நின்றோம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை இருந்துச்சு?" என்றார் காதோடு காதாக.

"எட்டுங்க ஐயா."

"இப்ப ஏழு இருக்கு."

"ஆமாங்க ஐயா."

"செம்புல ஏன் விட்டீங்க?"

"தொட்டியில சோடா ஊத்திட்டேங்க. செடிக்கு வாயு குடுக்கலாம்னு."

"எத்தனை போத்தல்?"

"ஆறு."

"மனுசனுக்கே ரெண்டுக்கு மேல போனா வயிறு ஊதும் லா! அதும் சுண்டைக்கா அளவு மீனுக்கா?"

கதை முடிந்தது என்று நினைத்தேன். பஸ்ஸில் இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்னு எந்திரிச்சுப் போனா, ஏன்னு கேப்பா என் தங்கச்சி. கோயில்ல கேப்பாங்க. ஆஸ்பத்திரில கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? சொல்லுங்க தம்பி, நான் என்னன்னு சொல்றது?"

"நான் வாயே தொறக்க மாட்டேன், மாமா." மாமா என்று எப்படி வந்ததென்று தெரியவில்லை. பயத்தில் வந்திருக்கும்.

அவர் திரும்பி, சத்தமாக, "தங்கச்சி, பையன் நல்ல பையன். முடிச்சிடலாம்" என்றார்.

"என்னண்ணே, இன்னும் ஜாதகம்கூடப் பாக்கலியே!"

"முடிச்சிடலாம்னு சொல்றேன்ல!"

முடித்தார்கள். தொட்டியைப் பத்து நாள் யாரும் தொடவில்லை. வண்டல் தானாகப் படிந்தது, வெயில் வந்தது, முத்துக்கள் மறுபடி ஏறின. ஏழு மீன் கல்யாணத்துக்குள் முப்பதானது. சோடா ஊற்றிய கதையை மட்டும் ஆ செங்கிடம் சொல்லியிருந்தேன். சோடாப் போத்தல் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்து மணமேடையில் கொடுத்தான்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். உடைத்தது தாத்தாதான். உங்கள் அண்ணன் பிறந்து ஒரு வயதானபோது, விருந்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், அவராகவே சொல்லிவிட்டார். அன்று உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் பாயசம் கொட்டியது. அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி அவர் வாயாலேயே கேட்கிறோம். சைவம் மட்டும் விடவில்லை. "அதை நான் கடிக்கல, அதனால கணக்குல சேராது" என்பார்.

மீன்தான் வருஷா வருஷம் வளர்கிறது. முதலில் நகம் அளவு. பிறகு விரல் அளவு. போன தீபாவளிக்கு அதன் நீளத்தைக் காட்ட இரண்டு கையையும் விரித்தார் தாத்தா. இடம் போதாமல் சித்தப்பா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.