பெரிய மாப்பிள்ளை அடைத்த ஓட்டை

முட்டாளை எப்படியாவது திருத்திவிடலாம். புத்தகம் வாங்கிய முட்டாளைப் பிரம்மாவாலும் திருத்த முடியாது. யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அப்படிப்பட்ட ஒருவன் திண்டிவனத்தில் மாமனார் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். அவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பி.ஏ. வரை படித்திருந்தேன். ('வரை' என்பதைக் கவனிக்கவும். தேறினேன் என்று நான் சொல்லவில்லை.) மாமனாருக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். அங்கே வந்து உட்காரச் சொன்னால், தூசியில் தும்மல் வருகிறது என்பேன். நான் விரும்பி உட்கார்ந்த ஒரே இடம், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் மாமனார் வாங்கியிருந்த பழைய காரின் ஸ்டீரிங்குக்குப் பின்னால்தான். மோட்டார் வண்டியைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். அதில் படங்கள் நன்றாக இருந்தன.

அந்த வருஷம் என் மைத்துனி மரகதத்தைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. பையன் சபாபதி, ரயில்வே ஷெட்டில் இஞ்சின் ஃபிட்டர்.

"கரி பூசிக்கிறவன் எனக்குச் சகலையா?" என்று என் மனைவி காமாட்சியிடம் பொருமினேன்.

"அவரு சம்பாரிச்சிச் சாப்புடுறாரு" என்றாள் அவள். அந்தப் பதிலில் குத்தல் இருந்தது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று.

பையன் வீட்டாரைக் காரிலேயே அழைத்து வந்து அசத்திவிட வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு பார்த்தால், வண்டிக்கு அடியில் தரையெல்லாம் எண்ணெய்.

"மாப்ளே, இஞ்சின் எண்ணெ சொட்டிக்கினு இருக்குதுங்க. மெக்கானிக்கைக் கூட்டியாறட்டுமா?"

"நான் இருக்கறப்போ மெக்கானிக் எதுக்குங்க மாமா?"

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் இரும்புத் தொட்டி முழுக்க ஈரம். சொட்டுவது தொட்டியிலிருந்து; ஆகவே ஓட்டை தொட்டியில். (என்ன தர்க்கம்! இதற்குத்தான் பி.ஏ. வரை படித்தது.) வெல்லத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தொட்டியைச் சுற்றிப் பூசினேன். எண்ணெய் நிற்கவில்லை. எறும்பு வந்தது.

மறுநாள் மேலே பார்த்தேன். இஞ்சினின் பக்கவாட்டில் ஒரு குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் விளிம்பிலும் எண்ணெய்க் கசிவு. மூடி போட மறந்த வெள்ளைக்காரனை நினைத்துச் சிரித்தேன். அந்தக் குழாயைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் படம் இல்லாததால் நான் படிக்கவில்லை. என் சிவப்புக் கரைத் துண்டைப் பாதியாகக் கிழித்து, குச்சியால் குத்திக் குத்திக் குழாயை அடைத்தேன். சாயங்காலம் வரை ஒரு சொட்டு விழவில்லை. (ஓட்டாமல் நிறுத்திய வண்டி எவ்வளவுதான் சொட்டும்?)

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் மாமனார். நான் அடக்கத்தோடு தலை குனிந்தேன்.

மறுநாள் விழுப்புரம் போய்ச் சேரும் வரை வண்டி சமர்த்தாக ஓடியது. அங்கே சபாபதியின் அம்மா முன்னால் என் பக்கத்திலும், சபாபதி பின்னாலும் ஏறிக்கொண்டார்கள். அவன் வெள்ளைச் சட்டை; அந்த அம்மாள் புதுப் பட்டு.

"ரயிலுக்குப் பாசு இருக்குது தம்பி. சும்மாவே வந்திருப்போம்" என்றார் அம்மாள்.

"ரயில் எங்கே, கார் எங்கே!" என்று சிரித்துவிட்டு, இஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று விக்கிரவாண்டி வரைக்கும் சபாபதிக்குப் பாடம் நடத்தினேன். அவன் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

விக்கிரவாண்டி தாண்டியதும் அம்மாள் மூக்கைச் சுளித்தார். "தம்பி, எண்ணெ காயுற வாடை வருதே."

"இங்கே செக்கு இருக்குதும்மா" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் காலடிப் பலகை இடுக்குகளிலிருந்து புகை கிளம்பியது. பின்னாலேயே எண்ணெய் பீறிட்டுப் பட்டுப் புடவையின் கொசுவத்தில் அடித்தது.

"ஐயையோ! எம் பொடவை!"

வண்டியை நிறுத்தினேன். சபாபதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினான்.

"இந்தக் கொழாயில துணி அடைச்சது யாருங்க?"

"மெக்கானிக்" என்றேன்.

"முண்டம்! இஞ்சினுக்கு இதுதாங்க மூக்கு. மூக்கை அடைச்சா, உள்ள காத்து கட்டிக்கினு, இருக்கற சந்துலல்லாம் எண்ணெயக் கக்கும். அவனை வண்டியாண்டயே வுடாதீங்க."

"ஆமாமாம், சரியான முண்டம்" என்று நானும் சேர்ந்து திட்டினேன். அவன் துணியை உருவி வெளியே எடுத்தான். அம்மாள் அதைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். மீதிப் பாதி அங்கேதான் கிடந்தது.

"கரை ஒண்ணா இருக்குதே தம்பி" என்றார்.

நான் சாலையோரப் புளியமரத்தை ஆராய்ந்தேன்.

சபாபதி இஞ்சினைத் துடைத்தான். அம்மாவின் சுருக்குப் பையில் இருந்த திருவக்கரைக் கோவில் விபூதியை வாங்கி, இஞ்சின் மேல் தூவினான். "சாமி பிரசாதம்டா!" என்று அவர் பதறினார். இஞ்சினைக் கிளப்பிவிட்டுக் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில், பக்கவாட்டுத் தகட்டின் மேல் விளிம்பிலிருந்து வெண்மையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு மெதுவாக இறங்கியது. அங்கே இரண்டு மரையாணிகள் தளர்ந்திருந்தன. ஸ்பேனரால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. ஒழுக்கு நின்றது.

"சொட்டுற எடம் வேறங்க, ஒழுகுற எடம் வேற" என்றான். "மேலருந்து ஓடியாந்துதான் கீழ சொட்டுது."

வண்டியில் இருந்த எண்ணெய் டின்னைத் திறந்து ஊற்றிவிட்டு, "நானே ஓட்டறேங்க" என்றான். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன், அம்மாளின் பார்வை எட்டாத அளவுக்குக் குறுகி.

மாமனார் வாசலில் மாலையோடு நின்றார். கையும் சட்டையும் கறுப்பாக இறங்கியவனைப் பார்த்து, "டிரைவரு, வண்டிய ஓரமா வுடுப்பா" என்றார். பிறகு என்னிடம், "பையன் வரலீங்களா மாப்ளே?"

"அவன்தான் பையன்" என்றார் அம்மாள். "வண்டிய ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கினு வந்தது அவன். அதை அடைச்சு வச்சது இதோ உக்காந்துக்கினு இருக்குது. டிரைவராம்! டேய், கெளம்பு, ரயிலுக்குப் போவலாம்."

மாமனார் மாலையோடு குறுக்கே வந்து நின்றார். வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய மரகதம், ஒரு கையில் வாளியும் ஒரு கையில் சீயக்காயுமாக வெளியே வந்துவிட்டாள்.

"மொதல்ல கையக் கழுவுங்க" என்று சபாபதியிடம் வாளியை வைத்தாள். "நீங்க உள்ள வந்து பொடவைய மாத்திக்குங்கம்மா. காயறதுக்குள்ள சீயக்காய் போட்டாக் கறை போயிரும். எங்க மாமா எங்கியும் ஓடிடமாட்டாரு, அப்பறமாத் திட்டிக்கலாம்."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தையில் கல்யாணம்.

சபாபதி எனக்குச் சகலையாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைய சங்கதியை அவன் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அதற்கென்றே காமாட்சி இருக்கிறாள். போன மாதம் முதுகு வலி என்று டாக்டரிடம் போனேன். சட்டையைத் தூக்கி, வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"டாக்டர்" என்றாள் காமாட்சி, "அவரு காட்டுற எடத்தை மட்டும் பாக்காதீங்க."