ஆறு எண், இரண்டு நிமிடம்

ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் செல்போனில், போன் கம்பெனியிடமிருந்து அந்தச் செய்தி வந்து விழுந்தது.

"அன்பான வாடிக்கையாளரே! கார்டு மூலம் பில் கட்டுவோருக்கான தள்ளுபடி நேற்றுடன் முடிந்தது. வங்கிக் கணக்கை நேரடியாக இணைத்தால் தள்ளுபடி தொடரும்."

நேற்று முடித்துவிட்டு இன்று சொல்கிறவர்களை என்ன செய்வது? பதினான்கு வருட வாடிக்கையாளர் அவர். ஒரு மாதம்கூடத் தேதி தவறியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கூண்டின் மேலிருந்தபடியே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது பதிவு செய்த பெண் குரல். நாலு மாதத்தில் அவரிடம் அப்படிச் சொன்ன ஒரே பெண் அவள்தான் என்பதால் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் நிஜமான ஆள் ஒருவர் வந்தார். "ரொம்ப சுலபம் சார். ஆப்ல பேங்க் கணக்கப் போட்டா ஆறு நம்பர் ஓடிபி வரும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள போட்டுடுங்க."

"போட்டாச்சுங்க. எனக்கு ஒண்ணும் வரலையே."

"உங்களுக்கு வராது சார். உங்களோடது குடும்பத் திட்டம், ரெண்டு நம்பருக்கும் ஒரே பில். முதல் நம்பருக்குத்தான் போகும்."

முதல் நம்பர் அவருடைய மனைவியுடையது. முதன்முதலில் இணைப்பு வாங்கப் போன அன்று இவர் அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தார். அவள் கைப்பையில் வைத்திருந்தாள். அந்த மனைவி இப்போது வேறு ஊரில் தன் அக்கா வீட்டில் இருந்தாள்.

பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் வாய் சும்மா இருக்காமல், "நீ இல்லாட்டி இந்த வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்!" என்று சொல்லிவிட்டார். "அப்படியா? இருந்து பாருங்க" என்று அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாலு மாதமாக வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தும்முவது கேட்கிறது. 'வந்துடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையைத் தொண்டைக்கு மேலே ஏற்றத் தெரியவில்லை.

போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ம்."

"உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்."

"வந்திருக்கு." ஒவ்வொரு எண்ணாக நிதானமாகப் படித்தாள். போட்டார். ஆப்பில் பச்சை விளக்கு எரிந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"வேற என்ன? தள்ளுபடி கிடைச்சிடுச்சு."

"சந்தோஷம்." வைத்துவிட்டாள்.

தலையில் அடித்துக்கொண்டார். நாலு மாதம் கழித்துக் கேட்ட குரலிடம் தள்ளுபடியைப் பற்றிப் பேசுகிறவன் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்னொரு செய்தி. "உங்கள் வங்கிக் கணக்கு நீக்கப்பட்டது. தள்ளுபடி ரத்து."

"என்னய்யா விளையாடறீங்களா? நேத்துதானே சேர்த்தேன்?" என்று சேவை மையத்தில் எகிறினார்.

"நீக்கியாச்சுன்னுதான் காட்டுது சார். திரும்பச் சேர்த்துடுங்க."

சேர்ப்பதற்கு முன்னால் முகச்சவரம் செய்துகொண்டார். போனில் முகம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"மறுபடியும் ஓடிபியா?" என்றாள் மனைவி.

"கம்பெனிக்காரன் எடுத்துட்டான்."

"அநியாயமா இருக்கே!" என்றாள். நன்றாகத் திட்டினாள். இருவரும் சேர்ந்து திட்டினார்கள். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டு ஓனரை இப்படிச் சேர்ந்து திட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது.

அதற்கடுத்த நாளும் காலை எட்டு மணிக்குத் தள்ளுபடி ரத்து. அன்று குழாய் சொட்டுவதைப் பற்றிச் சொன்னார். "வாஷர் மேல் ஷெல்ஃப்ல நீல டப்பாவுல இருக்கு" என்றாள். இருந்தது. மாற்றினார். மாற்றியபின் வீடு இன்னும் அமைதியாகிவிட்டது.

நாலாம் நாளும் ரத்துதான். இந்தத் தடவை அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் ஏழு என்றாள். இவர் வேண்டுமென்றே நாலைத் தட்டினார்.

"தப்புன்னு வருதே."

"கண்ணாடி போட்டுட்டுத்தானே படிச்சேன்? இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க."

இரண்டாவது தடவை ஒன்பதை ஆறாக்கினார். பேச்சு நீண்டது. முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று அவள் கேட்டாள். மூன்றாவது தடவை எதை மாற்றினார் என்று அவருக்கே தெரியாது. ஆப் சிவப்பாகிவிட்டது.

"மூன்று தவறான முயற்சிகள். கணக்கு பூட்டப்பட்டது. முதல் எண்ணின் உரிமையாளர் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும்."

அவருக்கு முதலில் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் அதே வரி தேன்போல இனித்தது. நேரில் வர வேண்டுமாமே!

"உன்னை வரச் சொல்றாங்க" என்றார்.

"யாரு?"

"கம்பெனிலேருந்து."

"கம்பெனி மட்டும்தான் கூப்பிடுதா?" என்றாள் மெதுவாக.

இதைவிட அகலமாகக் கதவைத் திறக்க எவளாலும் முடியாது. "ஆமா, வேற யாரு?" என்றது அவருடைய பாழாய்ப்போன வாய்.

"எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். பேச வேண்டியதையெல்லாம் வரிசையில் நின்றபடியே மனப்பாடம் செய்திருந்தார்.

"பதினாலு வருஷ வாடிக்கையாளர்மா நான்! சேர்க்கச் சேர்க்க எடுத்தா என்ன அர்த்தம்? மனுஷன் எத்தனை தடவைதான் போன் பண்ணுவான்?"

"கஷ்டம்தான் சார்." அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "அவங்க வர முடியலைன்னா இன்னொரு வழி இருக்கு. ரெண்டு நம்பரையும் பிரிச்சிடலாம். ஒரே ஒரு கையெழுத்து. உங்களுக்குத் தனி பில், அவங்களுக்குத் தனி பில். ஓடிபிக்கு இனிமே அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதே இல்லை."

ஒரு தாளையும் பேனாவையும் முன்னால் நகர்த்தினாள். மெக்கானிக் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே தாள் அந்த மாத பில்தான். அதற்குத்தான் இத்தனை நாளும் தேதி தவறாமல் கட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ. கண் கலங்கிவிட்டது.

"பிரிக்க வேணாம்மா" என்றார். "தள்ளுபடி எக்கேடும் கெட்டுப்போகட்டும். எனக்கு அவ வந்தா போதும்."

நாலு மாதமாக வராத வார்த்தை, போயும் போயும் ஒரு கவுண்டரில் வந்து விழுந்தது.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இதை அவங்ககிட்டயே சொல்லிடுங்க சார், தினமும் காலைல எட்டு மணிக்கு உங்க பேங்க் கணக்கை எடுத்தது நாங்க இல்ல, முதல் நம்பர்லேருந்து அந்தம்மாதான், பூட்டு விழுந்ததும் 'எப்போ திறப்பீங்க, எப்போ திறப்பீங்க'ன்னு நேத்துலேருந்து எங்களுக்கு எட்டுத் தடவை போன் பண்ணிட்டாங்க."