கிலோ போடாத கெட்டிக்காரர்

பதினோராயிரத்து நானூறு வரிகள். கள்ளக்குறிச்சி உமைர் எழுதிய கணினி நிரலின் நீளம் இது. எடை, நேரம், சூடு, ஈரம் எல்லாம் அதில் வருகின்றன. கிலோ, நிமிடம் என்ற சொற்கள் மட்டும் ஓரிடத்திலும் வருவதில்லை. வாசகரே, அலகு போடாத கெட்டிக்காரர் என்ற இனம் இதுதான்.

அடையாளம் காண்பது எளிது. எண்ணை எழுதுவார், எதன் எண் என்று எழுதமாட்டார். திரையில் ஒரு பெட்டி வரைந்து, மேலே 'அளவு' என்று போட்டுவிட்டு, அது படியா, கிலோவா, டன்னா என்று யாராவது கேட்டால், கேட்டவரின் படிப்பை நினைத்து வருந்துவதுபோல ஒரு பார்வை பார்த்து, அதுதான் எல்லாருக்கும் தெரியுமே என்பார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? அவருக்கு. அதுவும் எழுதிய வாரத்தில் மட்டும்.

உமைர் விஷயத்தில் வளர்ப்பைக் குறை சொல்ல முடியாது. அவனுடைய அத்தா ஜமால் முகமது துணிக்கடைக்காரர். "ரெண்டரை கிழிங்க பாய்" என்று வருகிறவரிடம் மீட்டரா, கஜமா என்று கேட்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டார். அந்தக் கடையின் மாடியில் உட்கார்ந்துதான், வெள்ளிமலைப் பெண்கள் குழுவின் தானியம் உலர்த்தும் இயந்திரத்துக்கு மகன் நிரல் எழுதினான். எடையைத் தட்டினால் போதும். எவ்வளவு நேரம் சூடு காட்டுவது என்று இயந்திரமே கணக்குப் போட்டுக்கொள்ளும். பெட்டிக்குப் பக்கத்தில் கிலோ என்று போடலாமே என்றாள் கூட வேலை செய்யும் அஸ்ரின். அழகு கெட்டுவிடும் என்றான் உமைர்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அடுத்த வருட விதைக்கும் சாப்பாட்டுக்கும் என்று குழுவைச் சேர்ந்த காசியம்மாள் எடுத்துவைத்த சாமை நனைந்துவிட்டது. இரண்டு நாளில் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். பிடித்தால் அவளுடைய ஒன்றரை ஏக்கரில் விதைக்க எதுவும் இருக்காது. கொண்டுவந்து கொட்டினாள், 2 என்று தட்டினாள். எட்டே நிமிடத்தில் பச்சை விளக்கு: 'காய்ந்தது'. உள்ளே கையை விட்டுப் பார்த்தவள் நேராகப் போனை எடுத்தாள்.

"தம்பி, ஒன் பொட்டி பொய் சொல்லுது. சாமை சதசதன்னு கீது."

"ஈரம் ஜாஸ்தியா இருந்திருக்கும்மா. இன்னா நம்பர் போட்டீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு இன்னா?"

இருபத்தாறு வயதில் இந்தக் கேள்வியை உமைர் முதல்முறையாகக் கேட்டான்.

"ரெண்டு மூட்டை. ரெண்டு கிலோ காயவெக்கறதுக்கா மலைமேல மெஷினத் தூக்கினு வந்தீங்க?"

மூட்டைக்கு எத்தனை கிலோ? அவனுக்குத் தெரியாது. கட்டியவளுக்கும் தெரியாது, அது கையில் கிடைத்த சாக்கைப் பொறுத்தது. ஈரச் சாமையை மறுபடி அள்ளி, தராசில் நிறுத்தார்கள். எண்பத்தைந்து கிலோ. அதைத் தட்டியதும் திரையில் 'மீதி 340' என்று வந்தது.

"முந்நூத்தி நாப்பது இன்னா தம்பி? நிமிசமா, செகண்டா?"

ஒரு நிமிடம் இருங்கள் என்று உமைர் தன் நிரலையே யாரோ எழுதியதுபோலத் தேடிப் படித்தான். அந்த ஒரு நிமிடம் பதினைந்து நிமிடமாயிற்று. முந்நூற்று நாற்பதும் நிமிடம்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று வீட்டிலிருந்து போன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்டபோது, "அஞ்சுல வந்துடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தவர் யார்? ஐந்து நிமிடமா, ஐந்து மணியா என்று அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இயந்திரம் ஐந்து மணி நாற்பது நிமிடம் ஓடியது. காசியம்மாளின் சாமை காய்ந்துவிட்டது. அது முளைக்குமா என்பது ஆடியில் விதைத்தால்தான் தெரியும்.