ஒன்றை அழுத்திய அப்பா

"இனிமே ஸ்கூல்லேருந்து வர்ற போனெல்லாம் எனக்குத்தான் வரணும்!"

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முழங்கினார் லிஃப்ட் மெக்கானிக்.

காரணம் இருந்தது. அன்று காலை மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். வகுப்பு ஆசிரியை அவரை மேலும் கீழும் பார்த்து, "பழைய வேன் டிரைவர் நின்னுட்டாராப்பா?" என்று கேட்டுவிட்டார். பெற்ற அப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேணாங்க. சும்மா சும்மா கூப்பிடுவாங்க. உங்களுக்குப் பொறுமை பத்தாது."

"எனக்கா? அறுந்த லிஃப்டுக்கே பொறுமையா வைத்தியம் பார்க்கறவன் நான்."

"ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தான் வச்சுக்குவாங்க. ஒரு தடவை மாத்திட்டா வருஷம் முடியற வரைக்கும் அதேதான். சனிக்கிழமை ஒரு நாள் நிம்மதியா தூங்கறீங்க. எதுக்கு வம்பு?"

சனிக்கிழமைத் தூக்கம் அவருக்குப் பிதுரார்ஜித சொத்து மாதிரி. மதியம்வரை அனுபவிப்பார். ஆனாலும் மானம் பெரிதில்லையா?

"மாத்துன்னா மாத்து!"

மறுநாளே மாறிவிட்டது. சொன்ன வேலையை அவள் அத்தனை வேகமாக முடித்ததில் அவருக்கே ஆச்சரியம்.

அதன்பிறகு போன் ஓயவில்லை. லிஃப்டின் கூரைமேல் நின்று, கையெல்லாம் கிரீஸாக அவர் பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்து அடிக்கும். எடுத்தால், "அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்" என்று பதிவுசெய்த குரல் ஒன்று ஆரம்பிக்கும். வைத்தால் விடாது. திரும்பவும் அடிக்கும்.

"என்னடி இது, பேய் பிடிச்ச மாதிரி துரத்துது?"

"ஒன்னை அழுத்துங்க. அடங்கிடும்."

அழுத்தினார். அடங்கிவிட்டது!

அப்புறம் என்ன, ராஜவாழ்க்கைதான். அவருடையது பழைய பட்டன் போன்; எடுத்ததுமே ஸ்பீக்கர் தானாக அலறும். அதைப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். அடித்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பச்சைப் பட்டனில் ஒரு குத்து. வணக்கம் முடிவதற்குள் ஒன்றில் ஒரு குத்து. காதில் வைக்கிற வேலையே இல்லை.

"நீ வருஷக்கணக்கா மாரடிச்ச வேலையை ஒரே விரல்ல முடிச்சுட்டேன், பார்த்தியா?"

"நீங்க கெட்டிக்காரர்தான்" என்றாள் அவள். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது. குத்தினார். குரல் நிற்கவில்லை. மறுபடி குத்தினார். பிறகு ஓங்கிக் குத்தினார்.

"சார், பட்டனை அழுத்தாதீங்க! நான் ரெக்கார்டு இல்ல, தலைமை ஆசிரியை பேசறேன்!"

ஸ்க்ரூடிரைவர் கை நழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்தது.

"எது கேட்டாலும் சரின்னு சொன்ன ஒரே அப்பா நீங்கதான் சார். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நாளைலேருந்து எல்லா சனிக்கிழமையும் காலைல வாசல்ல வண்டிகளை ஒழுங்குபடுத்தறது, அப்புறம் சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை சொல்றது, சாயங்காலம் நாடக ஒத்திகை."

"நாடகத்துல நான் என்ன செய்யணும்?"

"மரமா நிக்கணும் சார். வசனமே கிடையாது."

வீட்டுக்குப் பாய்ந்து வந்தார்.

"ஒன்னை அழுத்தச் சொன்னது நீ!"

"அடங்குச்சா இல்லையா?"

"அடங்குச்சு..."

"அதுக்குத்தானே வழி கேட்டீங்க?"

"ஒன்னுன்னா என்னடி அர்த்தம்?"

"சம்மதம்னு அர்த்தம்."

"முடியாதுன்னா?"

"ரெண்டு."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"அந்தக் குரல் தினம் சொல்லிச்சே. நீங்கதான் கேக்கலை."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இந்தத் தடவை ஏமாறக்கூடாது. முழுசாகக் கேட்டு, ரெண்டில் ஒரே அழுத்தாக அழுத்திவிட வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு போனை முதல் முறையாகக் காதில் வைத்தார்.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். நாளை பொறுப்பேற்கும் தந்தையர் காலை ஏழு மணிக்கு வாசலில் இருக்கவும். இது தகவல் மட்டுமே. எதையும் அழுத்த வேண்டாம்."

போனைப் பார்த்தார். எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். அதே குரல்! வீட்டில் அது ஒரு நாளும் வணக்கம் சொல்லி ஆரம்பித்ததில்லை. அதனால்தான் பிடிபடவில்லை.

"நீயா?"

"பெற்றோர் யாராவது பேசிக் குடுங்கன்னு ஸ்கூல்ல கேட்டாங்க, பேசினேன். ஸ்கூல் வேலைக்கு நான் நேர்ல கூப்பிட்டப்பல்லாம் முடியாதுன்னீங்க. போன்ல கூப்பிட்டேன், ஒரு தடவைகூட மறுக்கலை."