ஜல்லி அண்ணாத்தேயும் என் கீச்சு பிரேக்கும்

ரோடு போடவில்லை என்று கவுன்சிலரைத் திட்டுகிறவர்கள் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ரோடு போட்டுவிட்டார்கள் என்று திட்டியவர் இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். அவர்தான் எங்கள் ஜல்லி அண்ணாத்தே. நிஜப் பெயரைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. இருபத்தாறு வருஷம் டிப்பர் லாரியில் ஜல்லி அடித்தவர். லாரியை விட்டுச் சைக்கிளுக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் அவரை விடவில்லை.

நான் அவரிடம் மாட்டியதற்குக் காரணம் என் சர்க்கரை. "தினம் நடங்க" என்றார் டாக்டர். நடந்து போனால் தெருவில் எல்லோரும் நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் வீட்டில் அத்தனை பேரும் சிரிக்கச் சிரிக்க ஒரு கிராவல் சைக்கிள் வாங்கினேன். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி கைப்பிடி வளைந்திருக்கும், டயர் மட்டும் தடியாக இருக்கும். மண், கல், ஆற்றங்கரை எல்லாவற்றிலும் போகும். இந்த மாதிரி சைக்கிள் வைத்திருக்கிற ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருநின்றவூர் ஏரிக்கரையில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

எல்லோரும் பளபளவென்று உடுத்தியிருந்தார்கள். நடுவில் ஒருத்தர் மட்டும் காக்கிச் சட்டை, காக்கி அரை டிரவுசர், ஹெல்மெட்டுக்கு அடியில் சிவப்புத் துண்டு. சைக்கிள் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பின் மட்கார்டில் லாரிக்கு எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது. சைக்கிளுக்குப் பின்னால் எவன் வந்து ஒலி எழுப்பப் போகிறான்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா நைனா, புச்சா?" என்றார். என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். ஆளுக்குத் திமிர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆமாங்க. என் பேரு..."

"பேரெல்லாம் அப்பால. ஒரு ரவுண்டு அட்ச்சிட்டு வா."

ஒரு சுற்றுப் போய் வந்து பிரேக்கைப் பிடித்தேன். அது புதுசிலிருந்தே கத்துகிற பிரேக். கீ...ச் என்று அது அலறியதும் ஏரிக்கரையில் படுத்திருந்த நாலு நாய்கள் எழுந்து ஓடின. எனக்கு மானம் போயிற்று. அவருக்கோ முகமெல்லாம் பல்.

"சோக்கா கீது! உன் பேரு கீச்சு. இன்னிலேர்ந்து எனக்கு முன்னால நீதான் போற!"

வந்த அன்றைக்கே பதவி உயர்வு! எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே எல்லோருக்குமே இப்படிச் சத்தத்தை வைத்துத்தான் பெயர். ஐயப்பன்தாங்கலிலிருந்து வரும் ஸ்டெல்லா டீச்சரின் மட்கார்டு ஆடும், அதனால் அவர் 'கடகட'. பிளஸ் டூ மாணவர்களை நடுங்க வைக்கிற கணக்கு டீச்சர், இவர் கடகட என்று கூப்பிட்டால் மட்டும் "இன்னா அண்ணாத்தே" என்று பதில் சொல்வார்.

வழி பார்க்க மேப், போன் எதையும் அவர் தொட மாட்டார். எந்தெந்த இடத்தில் லாரிக்கு என்னென்ன கேடு வந்ததோ, அதுதான் அந்த இடத்தின் பெயர்.

"பூண்டி தாண்டி ஆத்தோரமா போறோம். கிளட்ச் மேட்டுல ஏர்றோம். ரேடியேட்டர்ல தண்ணி குட்ச்சிட்டு, ஆக்ஸில் ஓடையில எறங்கி வூட்டுக்கு வந்துர்றோம். போலாம் ரைட்!"

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் பாவம், 'ஆக்ஸில் ஓடை' என்று போனில் அரை மணி நேரம் தேடினான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் காட்டிய வழிகளை வேறு எவனும் காட்டியிருக்க முடியாது. கொசஸ்தலை ஆற்றங்கரையில் பனைமரங்களுக்கு நடுவே ஒரு ஆள் அகலப் பாதை. அப்புறம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் குன்றுகள். ஆவடியிலேயே பிறந்து ஆவடியிலேயே சர்க்கரை வந்த எனக்கு, இரண்டு மணி நேரத் தூரத்தில் இப்படி ஒரு பள்ளத்தாக்கு இருப்பதே தெரியாது. மேட்டில் நின்று வாயைப் பிளந்தேன். அவர் மட்டும் அந்த அழகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயரை அழுத்தி அழுத்திக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தார் ரோட்டைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. வழியில் ஒரு கிராமத்தில் புதுசாகத் தார் போட்டிருந்தார்கள். மனிதர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்! வெண்ணெய் மாதிரி ரோடு, நாங்கள் எல்லோரும் பறக்கிறோம், அவர் ஒரு கிலோமீட்டர் முழுக்கத் தள்ளிக்கொண்டே வருகிறார். அன்றைக்குத்தான் நின்ற இடத்திலிருந்தே அந்த ஊர்க் கவுன்சிலரின் நம்பரை வாங்கிப் போன் போட்டுத் திட்டினார்.

"ஏன் அண்ணாத்தே, ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"தாரு ஊமை நைனா. அது மேல போனா ஒண்ணியும் சொல்லாது. ஜல்லின்னா பேசிகினே வரும்."

பைத்தியம் முற்றிவிட்டது என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மூன்று மாதம் ஆயிற்று. ஞாயிறு விடியற்காலை நான் கிளம்பும்போது என் பிரேக் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்கிறது என்று வீட்டில் ஒரே ரகளை. கரையான்சாவடியில் ஒரு சைக்கிள் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பிரேக் கட்டையையே மாற்றிவிட்டார். பூனை நடக்கிற மாதிரி ஆகிவிட்டது சைக்கிள். அடுத்த ஞாயிறு பெருமையாக ஏரிக்கரைக்குப் போய், சத்தமே இல்லாமல் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"யாரு நைனா, புச்சா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக இந்த மனிதருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன், என்னைத் தெரியவில்லையாம்!

"நான்தான், கீச்சு!" என்றேன் கடுப்பாக.

ஒரு நொடி திகைத்தார். "தெரியும்பா, சொம்மா கலாய்ச்சேன்" என்று சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உம்மென்று முன்னால் போனேன். பிரேக்கைச் சரி செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கிளட்ச் மேட்டிலிருந்து ஆக்ஸில் ஓடைக்கு இறங்குகிற சரிவு செங்குத்து. அடியில் பாதை சட்டென்று இடது பக்கம் ஒடியும். நேரே போனால் ஆற்றின் கரை, அதற்குக் கீழே ஆள் உயரப் பள்ளம், மழை பெய்து சேறும் தண்ணீரும். நான் பிரேக்கைப் பிடித்துத் திரும்பினேன். பின்னால் வந்த ஜல்லிச் சத்தம் குறையவே இல்லை. எனக்கு அது புரிவதற்குள் காக்கிச் சட்டை என்னைத் தாண்டிப் போயிற்று. நேராக. லோடு ஏற்றிய டிப்பர் மாதிரி. சைக்கிளோடு கரையைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்தது.

அப்புறம் சத்தமே இல்லை.

"ஐயோ!" என்று நான் கத்தியது அந்தக் குன்றில் மோதித் திரும்பி வந்தது. கரைக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணாத்தே இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

"கீச்சு! இன்னாத்துக்கு பிரேக்கு அடிக்கல?"

"அடிச்சேனே அண்ணாத்தே!"

"சத்தம் வரலியே!"

"சர்வீஸ் பண்ணிட்டேன்."

வீட்டில் சாவு விழுந்த மாதிரி என்னைப் பார்த்தார். "ஏன் நைனா?" என்றார்.

தூக்கிவிடக் கையை நீட்டினேன். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. மறுபடியும் பிடித்தது. பின்னால் வந்து நின்ற ஸ்டெல்லா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நடுவுல எல்லாம் பொக மாரி கீது நைனா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஓரத்துல கொஞ்சம் தெரியும். லைசென்ஸுக்குக் கண்ணு பாத்த டாக்டரு ஆவாதுன்னு எழுதிட்டாரு. லாரி போச்சு. ஊட்ல முதுகு வலின்னு சொல்லிக்கீறேன். ஜல்லி சத்தத்துல வழி தெரியும். உன் பிரேக்குல வளைவு தெரியும். அத்த வெச்சே ஓட்டிகினு இருந்தேன்."

"யோவ், செத்துப் போயிருப்பியேய்யா!" என்று கத்திவிட்டேன். அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

"ஊட்ல சொல்லிடாத. பொண்டாட்டி சைக்கிளப் பூட்டிடுவா. இதுவும் போச்சுன்னா ஊட்ல குந்திகினு செவுத்தத்தான் பாக்கணும். அதுலயும் நடுவுல தெரியாது."

நான் மசிந்துவிட்டிருப்பேன். டீச்சர் மசியவில்லை. "இந்த வாரமே நீங்களே வீட்ல சொல்லணும் அண்ணாத்தே. இல்லன்னா நான் வந்து சொல்லுவேன்" என்றார். கடகட போய்க் கணக்கு டீச்சர் வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையிலேயே கரையான்சாவடிக் கடையில் போய் நின்றேன்.

"பழைய கட்டைய மாட்டுங்க. சத்தம் வரணும்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், சத்தம் வருதுன்னு வருவாங்க. சத்தம் வேணும்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல சார்." நல்லவேளை, பழைய கட்டை குப்பை டப்பாவிலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் அண்ணாத்தே பலியாடு மாதிரி நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சைக்கிளில் பூட்டு தொங்கியது, சாவி அந்த அம்மாவின் கையில்.

"யாருப்பா அந்தக் கீச்சு?"

"நான்தாங்க."

"ஓட்டிகினு போய் பிரேக்கப் போடு. நான் கேக்கணும்."

பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி ஒரு சுற்றுப் போய் வந்து, சாமியை வேண்டிக்கொண்டு பிடித்தேன். கீ...ச்! நாய்கள் ஓடின. அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அய்ய, இன்னா கலீஜான சத்தம்!" என்றார். அப்புறம் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவியை அவரிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார்.

"எறக்கத்துல தள்ளிகினுதான் வரணும். மேடு, சமதரை மட்டும் ஓட்டட்டும். முன்னால நீ, பின்னால டீச்சரம்மா. ஒரு ஞாயித்துக்கிழமை நீ வரலன்னா, இவரும் வர மாட்டாரு."

அன்றிலிருந்து நான் ஒரு ஞாயிறுகூட லீவு போட்டதில்லை. என் தெருவில் என்னை எல்லோரும் திட்டுகிறார்கள், திட்டிக்கொள்ளட்டும். ஏரிக்கரைக்கு இரண்டு தெரு முன்னாலேயே ஒரு வேகத்தடை இருக்கிறது, அங்கே வேண்டுமென்றே நன்றாகப் பிரேக்கை அழுத்துகிறேன். அதைக் கேட்டதுமே அங்கே அண்ணாத்தே துண்டை உதறிக் கட்டிக்கொண்டு "கீச்சு வந்துட்டான்பா, கெளம்பு!" என்பாராம், டீச்சர் சொன்னார். என் சொந்தக்காரர்களே கல்யாண வீட்டில் எதிரே வந்து நின்றாலும் யார் என்று யோசிக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி வரும்போதே என்னைத் தெரிந்துகொள்கிறவர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.